சூட்டோடு பூட்டிய காயில்

ஷாஜிங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் நான்காம் மாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. எட்டடிக்குப் பத்தடி. கூரையில் ஓயாமல் இரையும் ஒரு புகைபோக்கி விசிறி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை கோங் லாமெய் உட்கார்ந்து மின்சிகரெட் இழுப்பாள். அதுதான் அவள் வேலை. உற்பத்தி வரிசையில் செய்து வரும் மின்சிகரெட் பெட்டிகளில் மூன்றுக்கு ஒன்று அவள் மேசைக்குப் போகும். வாய்முனையில் புது ரப்பர் உறை மாட்டுவாள். இரண்டு இழுப்பு. பிறகு ஒரு வாய் வெந்நீர், சாரமில்லாத வேகவைத்த ரொட்டியில் ஒரு துணுக்கு, அடுத்த பெட்டி. நன்றாக இருந்தால் பச்சை முத்திரை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒரு நாளைக்கு இருநூறு பெட்டிக்குக் குறையாது.

நான் வெய். குவாங்ஷி மாநிலத்துக்காரன். அந்த அறைக்கு வெளியே ஆறடி தள்ளி என் பழுதுபார்க்கும் மேசை. சிவப்பு முத்திரை விழுந்த பெட்டிகள் என்னிடம் வரும். மூன்று வருஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அவளுக்கு முப்பத்தேழு, எனக்கு இருபத்தொன்பது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த அறைக்கு வருமுன் அவள் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. ஹுனான் மாநிலத்தில் தன் ஊரான அன்ஹுவா பக்கம் கருந்தேயிலை தரம் பிரிக்கும் கிடங்கில் பத்து வருஷம் இருந்தவள். புருஷன் ஏதோ கம்பெனியோடு அங்கோலாவில் சாலை போடப் போய்விட்டான், வருஷத்துக்கொரு தடவை வருவான். மகளைக் கூட்டிக்கொண்டு அவள் இங்கே வந்து பேக்கிங் பகுதியில் சேர்ந்தாள். ஒருநாள் அங்கே லிச்சிப் பழ வாசனைத் திரவம் ஒரு குப்பி உடைந்தது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, இவள் குனிந்து முகர்ந்து, "இது லிச்சிப் பழம் இல்ல, லிச்சித் தோலு" என்றாளாம். அது மேலாளர் பெங் காதில் விழுந்தது. அவர் ஐந்து பெட்டிகளை அவள் முன்னால் வைத்து, எது கோளாறு சொல்லு என்றார். அவள் இரண்டு இழுப்பில் சொல்லிவிட்டாள். மறுநாள் கண்ணாடி அறை.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னிக்கும் அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்," என்பாள்.

வரிசையில் இருந்த பெண்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். "லாமெய் அக்காவுக்குச் சோறே வேண்டாம்டி. காலையில மாம்பழம், மத்தியானம் தர்பூசணி, சாயங்காலம் ஐஸ்கிரீம். நமக்குத்தான் கஞ்சி." அவள் கண்ணாடிக்குள்ளிருந்து அவர்களுக்குச் சிவப்பு முத்திரையைத் தூக்கிக் காட்டுவாள்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த மாடல்கள் எளியவை. பேட்டரியின் வோல்ட் நேரே காயிலுக்குப் போகும். காயில் என்பது பஞ்சைச் சுற்றி இருக்கும் கம்பிச் சுருள். பஞ்சு நிக்கோட்டின் கலந்த வாசனைத் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். கம்பியின் மின்தடை குறைந்தால் மின்சாரம் அதிகம் பாயும், சூடு ஏறும். அரை ஓம் இருக்க வேண்டிய காயில் பாயிண்ட் நாலு ஓமாக வந்தால் லாமெய் முதல் இழுப்பிலேயே முகத்தைச் சுளிப்பாள். நான் மீட்டரை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். ஒரு கட்டத்தில் நான் மீட்டர் வைப்பதையே விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாறில் வெப்பக் கட்டுப்பாடு உள்ள பெட்டிகள் வந்தன. திரையில் வாட்டும் காட்டும், டிகிரியும் காட்டும். முதல் மாதிரி வந்த அன்று அதைக் கையில் உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"தம்பி, வாட்டு தெரியும். இந்த டிகிரி என்னத்துக்கு?"

"வாட்டுன்னா அடுப்புல எவ்வளவு தீ வைக்கிறோம்கிறது. டிகிரின்னா சட்டி எவ்வளவு சூடாச்சுங்கிறது. பழைய பெட்டிக்குத் தீ மட்டும்தான் தெரியும். சட்டியில தண்ணி வத்திப்போனாலும் எரிச்சுக்கிட்டே இருக்கும்."

"இதுக்குள்ள தெர்மாமீட்டர் இருக்கா?"

"இல்ல. கம்பிதான் தெர்மாமீட்டர். இந்த எஃகுக் கம்பி சூடாகச் சூடாக மின்தடை ஏறும். குளிர்ந்து கிடக்கறப்ப அரை ஓம்னா, இருநூத்திருபது டிகிரியில பாயிண்ட் ஆறுகிட்ட வந்துரும். அந்த ஏத்தத்தைப் பார்த்துத்தான் பெட்டி சூட்டைக் கணக்குப் போடுது. எல்லை வந்ததும் தானாத் தீயைக் குறைச்சிரும். பஞ்சு கருகாது."

"குளிர்ந்தப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"நாமதான். வரிசையில ஏழாவது ஆள் ஒரு பொத்தானை அமுக்கி அந்த எண்ணைப் பூட்டிருவாங்க. அதுக்கப்புறம் பெட்டி எல்லாக் கணக்கையும் அதுலேருந்துதான் போடும்."

"அப்ப பூட்டுனது தப்புன்னா எல்லாம் தப்பு," என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தச் சமயத்திலேயே அவளுக்கு அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆனால் வெளியேற வழியில்லை. மகள் வென்வென் ஐந்தாம் வகுப்பு. வெளியூர்க்காரர்கள் பிள்ளைக்கு இங்கே நடுநிலைப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் தாய் தகப்பன் பேரில் கம்பெனி கட்டிய காப்பீட்டு மாதங்களை எண்ணிப் புள்ளி போடுவார்கள். நடுவில் ஒரு மாதம் அறுந்தால் பிள்ளையின் பெயர் பின்னால் தள்ளப்படும். இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை அன்ஹுவாவுக்குத் திரும்ப வேண்டும், அங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. ஆகவே வேலையை விட முடியாது. ஒரு மாதம்கூட.

பேக்கிங் பகுதிக்கே மாற்றிவிடுங்கள் என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

"லாமெய், பேக்கிங்குக்கு ஆளுங்க வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறாங்க," என்றார் பெங். "உங்க நாக்குக்கு ஆள் எங்க நிக்குது, சொல்லுங்க."

"நாக்கும் மனுஷன் நாக்குதானே சார். களைச்சுப்போகுது."

"களைச்ச நாக்கை வச்சுக்கிட்டு கம்பெனி என்ன பண்றது? வேண்டாம்னா சொல்லிருங்க, ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம். வற்புறுத்தல."

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நான் சாப்பிட அரிசிமாவு அப்பச் சுருள் வாங்கிக்கொண்டு தொழிற்சாலைத் தெரு வழியாக வந்தேன். வாயிற்கதவு மூடியிருந்தது. காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில், கொதிக்கும் வெயிலில், லாமெய் நின்றுகொண்டிருந்தாள். கையில் கீரைக் கட்டு. என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கு லீவாச்சே."

"சந்தைக்குப் போனேன். இப்படியே வந்துட்டேன்."

சந்தை எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் விரல்கள் கீரைக் கட்டின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தன. உதடு வறண்டு வெடித்திருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"நேத்து சாயங்காலத்திலேருந்து ஒரு மாதிரியா இருக்கு. காலையில புள்ளைய ஒண்ணுமில்லாததுக்குக் கத்திட்டேன். கால் தானா இங்க வந்துருச்சு. காவலாளிகிட்ட உள்ள விடச் சொல்லிக் கேக்கலாமான்னு யோசிச்சேன். என்னத்தைச் சொல்லிக் கேக்கறது? ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்துடறேன்னா?"

நிக்கோட்டின் அவளைப் பிடித்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருநாளும் ஆசைப்பட்டு இழுத்ததில்லை. சம்பளத்துக்கு இழுத்தது. நிக்கோட்டினுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

"வா, சாப்பிட்டுப் போ," என்று என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். எதிர்வீட்டு ஜன்னலில் நிற்பவரோடு கை குலுக்கலாம் போன்ற குறுகிய சந்து, ஆறாவது மாடி, ஒற்றை அறை. வென்வென் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். லாமெய் புகையூட்டிய பன்றிக்கறியும் பச்சை மிளகாயும் வதக்கினாள், கீரை சூப் வைத்தாள். நான் ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டேன். கடல் தண்ணீர். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வென்வென் என்னைப் பார்க்காமல் தன் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றிக் கலந்துகொண்டாள்.

லாமெய் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "உப்பா?"

"கொஞ்சம்."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீ சொல்லவேயில்லையே."

"சொன்னா வருத்தப்படுவீங்கம்மா. எனக்குப் பழகிருச்சு."

லாமெய் சூப்பை ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத தம்பி," என்றாள். "நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க. புள்ளைக்கு அடுத்த வசந்தத்துலதான் மனுப் போடணும்."

அந்த அறையில் இருந்தால் நாக்கு போகும், நாக்கு போனது தெரிந்தால் அறை போகும், அறை போனால் பிள்ளையின் பள்ளி போகும். நான் அந்த உப்புச் சூப்பை முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் ஐரோப்பாவுக்கு நாலாயிரம் பெட்டி அனுப்ப வேண்டியிருந்தது. நாள் குறைவு. பெங் வரிசையின் வேகத்தைக் கூட்டினார். முன்பு ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஐம்பது வினாடியில் நகர்ந்த பெட்டி இருபது வினாடியில் நகர்ந்தது. இரண்டாம் நாள் லாமெயின் மேசையில் சிவப்பு முத்திரைகள் கூடின. "கருகல்" என்று எழுதி அனுப்பினாள். நான் வாட் பார்த்தேன், சரி. திரையில் டிகிரி பார்த்தேன், இருநூற்றிருபது, சரி. காயிலின் தோற்றமும் சரி. ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் பெங் கண்ணாடி அறைக்குள் வந்தார். கதவு திறந்தே இருந்தது.

"ஒரு மணி நேரத்துல ஒன்பது சிவப்பு. என்ன விஷயம்?"

"கருகுது சார். லேசாத்தான். இழுத்து முடிக்கறப்ப தொண்டையில சொரசொரன்னு நிக்குது."

அவர் ஒரு பெட்டியை எடுத்து இழுத்தார். தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிக்கும் மனிதர். "எனக்கு ஒண்ணும் தெரியல. திரையில இருநூத்திருபதுன்னு காட்டுது. இருநூத்திருபதுல பஞ்சு கருகாது. மெஷின் சரியாத்தான் சொல்லுது." பெட்டியைக் கீழே வைத்தார். "லாமெய், நீங்களே போன மாசம் சொன்னீங்க, நாக்கு களைச்சுப்போகுதுன்னு. யோசிச்சுப் பாருங்க. களைப்பு உங்களுக்கா, நாலாயிரம் பெட்டிக்கா?"

எனக்கு அவள் முகம் நேரே தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சூப்பைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அவர் போன பிறகு, சிவப்பு விழுந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து இழுத்தாள். இழுத்துவிட்டு, விரலால் தொண்டையைத் தடவிக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பச்சை முத்திரையைக் குத்த ஆரம்பித்தாள்.

ஐந்து வாரத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. முதலில் மூன்று அட்டைப்பெட்டி, பிறகு முப்பது. எல்லாவற்றிலும் ஒரே புகார்: கருகிய சுவை. பெங் லாமெயைக் கூப்பிட்டு, அவள் முத்திரை குத்திய தாள்களை மேசையில் பரப்பினார்.

"நாக்கு சரியில்லாம இருந்துச்சுன்னா, அந்த அறையில உட்கார உங்களுக்குத் தகுதி இல்ல. நாக்கு சரியா இருந்தும் பச்சை குத்தியிருந்தீங்கன்னா, அது வேணும்னு செஞ்ச தப்பு. ரெண்டுல எதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதை எழுதினாலும் வெளிய போகணும்தானே சார்?"

"எழுதுங்க. பார்ப்போம்."

"மூணு நாள் குடுங்க."

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவள் சாப்பிடப் போகவில்லை. என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, என் தாள்ல ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் எழுதியிருக்கேன். நீ பார்த்தியா?"

"நேரத்துல என்ன இருக்கு?"

"அன்னிக்கு நான் சிவப்பு போட்டதெல்லாம் எப்பன்னு பாரு. ஒன்பதரை, பத்தே முக்கால், பதினொண்ணு. மத்தியானம் ரெண்டு, மூணு. ஆனா சாப்பாட்டு மணி அடிச்சப்புறம் வந்த முதல் பெட்டிங்க ஒண்ணுலகூடக் கருகல் இல்ல. டீ இடைவேளைக்கு அப்புறமும் இல்ல. சோறு தின்னுட்டு வந்த பெட்டியெல்லாம் நல்லாயிருக்கு. சோறு தின்னாத பெட்டிதான் கருகுது."

நான் சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து வரிசைக்குப் போனேன். ஆறாவது இடத்தில் பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் காயிலை ஐந்து வினாடி சூடாக்குகிறார்கள். ஏழாவது இடத்தில் மின்தடையைப் பூட்டுகிறார்கள். முன்பு நடுவில் ஐம்பது வினாடி கிடைத்தது, காயில் ஆறிவிடும். இப்போது இருபது. சாப்பாட்டு மணி அடித்தால் நடுவில் மாட்டிய பெட்டிகள் ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்து நன்றாக ஆறிவிடுகின்றன.

திரும்பி வந்த பெட்டி ஒன்றைத் திறந்தேன். குளிர்ந்த காயிலில் மீட்டர் வைத்தேன்: பாயிண்ட் ஐந்து ஓம், துல்லியமாக. பெட்டியின் நினைவில் பூட்டியிருந்த எண் பாயிண்ட் ஐந்து ஒன்று ஐந்து. வெதுவெதுப்பாக இருந்த காயிலைக் குளிர்ந்த காயில் என்று நினைத்துப் பெட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. அந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல்தான் மீதிக் கணக்கெல்லாம் ஏறுகிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். திரை இருநூற்றிருபது என்று காட்டும்போது கம்பி உண்மையில் இருநூற்றைம்பதைத் தாண்டி நின்றது. அந்தச் சூட்டில் பஞ்சு கருகத்தான் செய்யும். வாட்டைக் குறைத்தாலும் தப்பிக்க முடியாது. கொஞ்சம் மெதுவாகப் போய் அதே தவறான எல்லையில்தான் நிற்கும்.

அவளிடம் சொன்னபோது அவள் உடனே நம்பவில்லை. "எனக்கு ஒண்ணு செய். பத்துப் பெட்டி எடு. எது எதுன்னு எனக்குச் சொல்லாத," என்றாள்.

பூட்டிய எண்களை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பத்துப் பெட்டிகளைக் கலந்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழுப்பு, வெந்நீர், ரொட்டி. ஆறு பெட்டிகளை இடப்பக்கம் தள்ளினாள், நாலை வலப்பக்கம். சீட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் தள்ளிய ஆறும் சூட்டோடு பூட்டியவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாம் சரிக்கா."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உப்பு தெரியல. இனிப்பு பாதிதான் தெரியுது. ஆனா இது நாக்கு சொல்றது இல்ல, தொண்டை சொல்றது. தொண்டை பொய் சொல்லல, பார்த்தியா. நான்தான் அதைக் கேக்கல."

மூன்றாம் நாள் அவள் எழுதிக் கொடுத்த காகிதம் அரைப் பக்கம் இருந்தது. காரணத்தை விளக்கினாள், என் மீட்டர் எண்களைச் சேர்த்தாள். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘என் வாய் அன்றே சரியாகச் சொன்னது. நான் சிவப்பு முத்திரை போட்டேன். மேலாளர் பெங் சொன்னதைக் கேட்டுப் பச்சை போட்டேன். அதுதான் என் தவறு.’

அதைப் பெங்கிடம் கொடுக்கவில்லை. இரண்டாம் மாடியில் முதலாளியம்மா ரோங்கின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வைத்துவிட்டு வந்தவள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இழுக்காமல், முத்திரை குத்தாமல், கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். "வென்வென்னோட சாமான் ரெண்டு பெட்டிதான். ஒரு பஸ்ஸுல போயிரும்," என்று என்னிடம் சொன்னாள். ஊருக்குப் போகத் தயாராகத்தான் இருந்தாள்.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். வரிசையை நிறுத்தச் சொல்லி, ஆறாம் இடத்திலிருந்து ஏழாம் இடம் வரை நடந்தார். ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இதைத் தொட்டுப் பார்க்கக்கூடவா ஒரு ஆள் இல்ல இங்க?" என்று பொதுவாகக் கேட்டார். பெங் தரையைப் பார்த்தார். மறுநாள் இரண்டு இடத்துக்கும் நடுவில் விசிறி வைத்த இரும்புத் தட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு பெட்டியும் அதில் நான்கு நிமிஷம் ஆறிய பிறகுதான் பூட்ட வேண்டும். கருகல் அன்றோடு நின்றது.

முதலாளியம்மா எங்கள் எல்லார் முன்னாலும் லாமெயின் தோளில் கை வைத்தார். "இனிமே இவங்க பச்சை போடாம ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது. யாரு சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி."

கைதட்டினார்கள். லாமெய் தட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என்னைப் பேக்கிங்குக்கு மாத்திருங்க."

முதலாளியம்மா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே பிரியமான சிரிப்பு. "இவ்வளவு நடந்தப்புறம் உன்னை விட்டுருவேனா? நாளைக்கு வா. மூணு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போடச் சொல்றேன். இனி உன்னை யாரும் அசைக்க முடியாது."

அந்த வார்த்தை அவள் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். தன் வாய் சரி என்று நிரூபிக்க அவள் பட்டபாடு எல்லாம் சேர்ந்து அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டது. மறுநாள் கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? மனுப்போட ஆறு மாதம்தான் பாக்கி.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு நிபந்தனை வைத்தாள். தன் அறைக்கு வரும் பெட்டிகளில் நிக்கோட்டின் இல்லாத திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். "கருகல் கண்டுபிடிக்க நிக்கோட்டின் எதுக்கு? காயில் சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே," என்றாள். முதலாளியம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, சரி என்றார். பெங்தான் அந்த உத்தரவை எழுத வேண்டியிருந்தது.

அடுத்த மூன்று வாரம் அவள் பட்டது சொல்லி மாளாது. சாராயத்தை விட நினைப்பவன் சாராயக்கடைப் பக்கம் போகாமல் இருக்கலாம். இவள் அதே நாற்காலியில், அதே வாய்முனையைக் கடித்துக்கொண்டு, அதே பழ வாசனைக்குள் உட்கார வேண்டும். இழுப்பாள், உள்ளே எதிர்பார்த்தது வராது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். ஒருநாள் முத்திரையைத் தூக்கி எறிந்தாள். கண்ணாடியில் பட்டு விழுந்தது. வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளைக் கிண்டல் செய்பவர்களில் வாயாடியான ஒருத்தி எழுந்து போய் அதைப் பொறுக்கி மேசையில் வைத்து, பையிலிருந்து ஒரு பிடி பூசணி விதையை எடுத்து அவள் முன்னால் கொட்டினாள். "இதைக் கடி அக்கா. எங்க அப்பனுக்கு இதான் வேலை செஞ்சுது. பதினஞ்சு நாள் எங்களையும் சேர்த்துக் கடிச்சாரு, அது வேற." லாமெய் சிரித்தாள், சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அதற்குப் பிறகு ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் விதைத் தோல் குவிந்து கிடக்கும்.

டிசம்பரில் ஒரு காலை, என்னைக் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். "நேத்து சூப்புல உப்பு கம்மின்னு எனக்கே தெரிஞ்சுது. வென்வென் சொல்றதுக்கு முன்னாடி நானே எழுந்து போய்ப் போட்டேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பெட்டிக்கு ரப்பர் உறை மாட்டினாள்.

வசந்தத்தில் வென்வென்னுக்கு இடம் கிடைத்தது. அந்த வருஷக் கடைசியில் நான் வேறு ஊரில் கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்து ஷாஜிங்கை விட்டுவிட்டேன். மாதத்துக்கொரு முறை பேசுவோம். அவள் சாப்பாட்டு இடைவேளையில்தான் கூப்பிடுவாள். பின்னால் விசிறி இரைவது கேட்கும்.

ஒப்பந்தம் முடியும் வருஷம் வந்தபோது நான் ஆவலாகக் கேட்டேன். "என்னக்கா, எப்ப வெளிய வர்றீங்க?"

"புதுசுல கையெழுத்துப் போட்டாச்சு தம்பி. போன வாரமே."

"ஏன்?"

"புள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போகணும்ல. அதுக்கும் அதே காப்பீட்டு மாசத்தைத்தான் கேக்கறாங்க. எண்ணிப் பார்த்தேன், இன்னும் மூணு வருஷம்."

அவளே பேசினாள். பெங் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். புது மாடலில் காயில் பாயிண்ட் ஒன்று ஐந்து ஓமாம், கம்பி குட்டையானது, ஒரு நொடியில் சூடு ஏறுகிறதாம், அதனால் இரண்டு இழுப்புக்குப் பதில் மூன்று இழுக்க வேண்டியிருக்கிறதாம். வென்வென் வகுப்பில் பௌதிகத்தில் முதலாவதாம். மின்தடைப் பாடம் வந்தபோது வாத்தியாரிடம் எழுந்து எஃகுக் கம்பியைப் பற்றி ஏதோ சொல்ல, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவரே கேட்டாராம்.

"என்ன சொன்னாளாம்?"

"எங்கம்மா டெஸ்டிங் டிபார்ட்மென்ட்னு சொன்னாளாம்." லாமெய் அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு மணி அடித்தது. "சரி தம்பி, வரிசை ஓட ஆரம்பிச்சுருச்சு," என்று வைத்துவிட்டாள்.